அப்பாவின் சல்லடமும் மாடியில் ஒரு தையல் கடையும்

அப்பாவின் தகரப் பெட்டிக்கு அடியில் கிடந்தது அது. பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, நடுவில் வசம்புத் துண்டு வைத்து, அம்மா தன் கையாலேயே முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். சிவப்புப் பருத்தித் துணியில் முழங்கால் வரை நீளும் சல்லடம் என்கிற கால்சட்டை, அதன் ஓரத்தில் மஞ்சளும் பச்சையுமாக வெல்வெட் பட்டை, மங்கிப்போன ஜரிகை, நாலைந்து இடத்தில் உதிர்ந்த கண்ணாடி வில்லைகள். இடுப்பு நாடா இற்றுப்போயிருந்தது. மேல்சட்டையின் இடது தோளைப் பூச்சி அரித்திருந்தது. 1984இல் மதுரை மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தில் தைத்தது. வருடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஆண்டுதான் நான் முதல் வகுப்பில் சேர்ந்தேன், அப்பா முதன்முதலாக அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சினார்.

இந்த உடையைச் செப்பம் செய்து என் மகனுக்கு அளவாக்கித் தந்த தையல் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். மதுரைக்காரர்கள் அடுத்த சில வரிகளைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணமும் தேரும் முடிந்ததும் கள்ளழகர் வருகிறார். சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமியிடம் விடைபெற்று, கண்டாங்கிப் பட்டு உடுத்தி, கையில் நேரிக்கம்புடன் கள்ளர் திருக்கோலத்தில் புறப்படுவார். வழியெல்லாம் மண்டபங்களில் நின்று வழிபாடு ஏற்கும் மண்டகப்படி. தல்லாகுளத்தில் மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. சித்ரா பௌர்ணமி விடியலில் தங்கக் குதிரை ஏறி வைகையில் இறங்குவார். அவரை எதிர்கொண்டு அழைத்து ஆடிக்கொண்டு போகிற பக்தர்களில் பலர் நேர்ந்துகொண்டு வேடம் இட்டவர்கள். சிலர் திரி ஏந்துவார்கள், சிலர் ஆட்டுத்தோலில் செய்த பையைத் தோளில் தொங்கவிட்டு, வெயிலில் வரும் சாமி குளிரட்டும் என்று தண்ணீர் பீய்ச்சுவார்கள். இவர்கள் உடுத்துகிற உடைதான் சல்லடமும் மேல்சட்டையும் இடுப்புக் கச்சையும் தலையில் உருமாலும். கடையில் தொங்கும் சாதாரண ஆடை போல் இதைப் பார்க்கக் கூடாது. காப்புக் கட்டி விரதம் இருந்து உடுத்துவது இது. வேலை முடிந்ததும் துவைத்து மடித்துச் சாமி அறையில் வைத்துவிடுவார்கள்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவனுக்குக் காய்ச்சல் மூளை வரை போய், பதினேழு நாள் மருத்துவமனையில் கிடந்தான். அவன் பிழைத்தால் மூன்று வருடம் வேடம் போட வைக்கிறேன் என்று என் அம்மா அழகரிடம் வேண்டிக்கொண்டார். சென்ற ஆண்டு முதல் முறை. எனக்கு ஓய்வு கிடைக்கவில்லை, பத்தாம் வகுப்புத் தேர்வுப் பணி. வேறோர் ஊரில் ஆயத்தமாகத் தொங்கிய உடை ஒன்றை 950 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆற்றங்கரைக்குப் போவதற்குள் தொடைச் சந்தில் கிழிந்துவிட்டது. தண்ணீர் பட்டதும் பொன்னிறச் சாயம் கரைந்து அவன் கழுத்தெல்லாம் மஞ்சள் கோடு. உள்ளே நைலான் துணி. வெயில் ஏற ஏறப் பிள்ளைக்கு மார்பெல்லாம் வேர்க்குரு. இடுப்பில் என் துப்பட்டாவைக் கட்டிவிட்டு மிச்ச தூரம் நடக்க வைத்தேன். அன்று ராத்திரி அவன் தூங்கிய பிறகு அம்மா அந்தத் தகரப் பெட்டியின் சாவியை என் கையில் கொடுத்தார்.

இந்த ஆண்டு மாசி மாதமே புறப்பட்டேன். அப்பாவின் உடையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கீழச் சித்திரை வீதிக்கு வந்தபோது, கால் தானாகவே புது மண்டபத்தின் பக்கம் திரும்பியது. அங்கே கடைகள் இல்லை என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். ஆனாலும் திரும்பியது.

நான் சிறுமியாக இருந்தபோது அந்த மண்டபத்தில் நுழைவது ஒரு குகைக்குள் போவது போல இருக்கும். வாசலில் முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரைகளும் யாளிகளும். உள்ளே போனால் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையில் ஒரு தையல் இயந்திரம். தூணில் சாய்ந்தபடி துணிக் கட்டுகள். மேலே கயிற்றில் அம்மன் பாவாடைகள், சாமி வஸ்திரங்கள், தொம்பைகள், குடைக் குஞ்சங்கள். ஒரு பக்கம் பித்தளைப் பாத்திரம், செப்புச் சாமான், வளையல். இன்னொரு பக்கம் பஞ்சாங்கமும் பாட்டுப் புத்தகமும். அத்தனை இயந்திரமும் ஒரே நேரத்தில் ஓடும் சத்தம் கல் கூரையில் பட்டு மழை போலக் கேட்கும். அப்பா அளவு கொடுக்க நின்றபோது நான் ஒரு கல் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது யாருடைய பாதம் என்று வெகு காலம் எனக்குத் தெரியாது. முழங்காலுக்கு மேலே துணிக் கட்டு மறைத்திருந்தது. நாயக்க மன்னர் ஒருவரின் சிலை அது என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் அறிந்தேன்.

1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் கட்டியது அந்த மண்டபம். வைகாசி வசந்த உற்சவத்துக்காகக் கட்டியது, அதனால் வசந்த மண்டபம் என்றும் பெயர். கோடையில் சாமி குளிர்ச்சியாக எழுந்தருள வேண்டும் என்று நடுமேடையைச் சுற்றித் தண்ணீர் நிறுத்தும் ஏற்பாட்டோடு கட்டியிருக்கிறார்கள். அதே நாயக்கர்தான் மாசியில் நடந்துவந்த மீனாட்சியின் விழாவைச் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு இணைத்தார் என்று மதுரையில் சொல்வார்கள். மீனாட்சியின் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. வீதியின் பெயரில் மாதம் தங்கிவிட்டது, விழா இரண்டு மாதம் தள்ளிப் போய்விட்டது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு மீனாட்சி கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கடைகளோடு தூண்களும் கூரையும் போயின. மறுநாள் காலையில் வீதியில் நின்று புகையைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்குப் பிறகு கோயிலுக்குள் கடைகள் இருக்கக் கூடாது என்ற முடிவு வந்தது. சில ஆண்டுகள் கழித்துப் புது மண்டபமும் காலியானது. கடைக்காரர்களுக்காக அருகில் குன்னத்தூர் சத்திரம் புதிதாக எழுப்பப்பட்டது, பெரும்பாலோர் அங்கே போனார்கள்.

இதில் எந்தப் பக்கம் நியாயம் என்று கேட்டால் எனக்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. கல்லில் ஆணி அடித்திருந்தார்கள், மின்கம்பி இழுத்திருந்தார்கள், துணியும் காகிதமும் மலைபோல் குவிந்திருந்தன. ஒரு பொறி போதும். அந்தச் சிற்பங்களை இழந்துவிட்டால் எந்தத் தையற்காரராலும் திருப்பித் தைக்க முடியாது. இன்று உள்ளே போய் நின்று அந்த மன்னர்களை முகத்தோடு முகம் பார்க்கும்போது, கல்யானைக்குக் கரும்பு கொடுத்த காட்சியைத் தடையில்லாமல் பார்க்கும்போது, மனம் நிறைகிறது. அதே நேரத்தில் காது எதையோ தேடுகிறது. கல்லைக் காப்பாற்றியாயிற்று, நல்லது. அந்தக் கல்லுக்கு அடியில் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருந்த கைவேலையைக் காப்பாற்றுவதற்கு யார் பொறுப்பு?

என் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ப் படம் அனுப்பினான். அங்கே ஒரு மதுரை மண்டபம் இருக்கிறது. மதனகோபாலசுவாமி கோயிலைச் சேர்ந்த கல் தூண்கள். 1912இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பெண்மணி வாங்கிக் கப்பலில் கொண்டுபோயிருக்கிறார், 1919இல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மிகச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், விளக்கு அமைத்திருக்கும் விதம் அழகு. தம்பி எழுதியிருந்தான்: "அக்கா, இங்கே எண்ணெய் வாசனை இல்லை." அந்த ஒரு வரி எனக்குள் நெடுநாள் கிடந்தது. இங்கே கீழச் சித்திரை வீதியில் நிற்கிற மண்டபத்துக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. நகைக்கும் பூவுக்கும் தையலுக்கும் மனிதர்கள் வந்து போகும் தெருக்கள் சுற்றிலும் உயிரோடு இருக்கும்வரை அது ஆகாது.

சரி, கடைக்கு வருகிறேன்.

பல இடங்களில் உடையைக் காட்டினேன். புதிதாகத் தைத்துத் தருகிறோம், பழையதைத் தொட மாட்டோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பழையதைப் பிரித்துத் தைப்பது இரண்டு மடங்கு வேலை, கூலியோ பாதி. கடைசியில் ஒரு பித்தளைக் கடைக்காரர், கட்டி முடியாமல் நிற்கும் ராயகோபுரத்தின் பக்கம் ஒரு சந்தைக் காட்டி, மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார், சல்லடம் தைக்கிற பாய் என்று கேளுங்கள் என்றார். பெயர்ப் பலகை கிடையாது. படி குறுகலானது, செங்குத்தானது. என் அம்மாவால் ஏற முடியாது. அம்மாவைக் கீழே பூக்கடை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் ஏறினேன்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. இரண்டு கால்மிதி இயந்திரங்கள், ஒன்றுக்கு மட்டும் மோட்டார். பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். தலையில் வெள்ளைத் தொப்பி, கழுத்தில் அளவு நாடா. பக்கத்தில் மருமகள் சமிக்கி கோத்துக்கொண்டிருந்தார். புது மண்டபத்தில் அவருடைய அப்பா காலத்திலிருந்து தைத்தவர்களாம். அழகர் விழா வேட உடையைத் தைப்பவர்களில் பலர் இஸ்லாமியர் என்பது மதுரைக்கு வெளியே இருப்பவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். இங்கே யாரும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் அழகர் தங்குவதாகக் கதை சொல்லும் ஊர் இது.

துணியை மேசையில் விரித்தேன். அவர் ஜரிகையையோ வெல்வெட்டையோ பார்க்கவில்லை. நேராகச் சல்லடத்தைப் புரட்டி, இரு கால்களும் சேரும் இடத்தில் உள்பக்கம் விரலை வைத்தார். அங்கே உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரத் துண்டு, மூலை முன்னும் பின்னும் பார்க்கும்படி திருப்பிவைத்துத் தைக்கப்பட்டிருந்தது. "மண்டபத்து வேலை, தாயி" என்றார். யார் தைத்தது என்று கேட்டேன். அது தெரியாது, ஆனால் இந்தத் துண்டு வைக்காமல் அங்கே யாரும் சல்லடம் தைத்ததில்லை என்றார். ஆடுபவர் குந்தி எழுந்து குதிக்கும்போது இழுப்பு முழுவதும் அந்த இடத்தில்தான் விழும். நான்கு தையல் ஒரே புள்ளியில் சேர்ந்தால் கிழியும். சதுரத் துண்டு வைத்தால் இழுப்பு நாலாப்பக்கமும் பிரிந்துபோகும். சென்ற ஆண்டு என் பிள்ளையின் உடை எங்கே கிழிந்தது என்பதை நான் சொல்லாமலே புரிந்துகொண்டு, துண்டு வைத்திருக்க மாட்டார்கள் என்றார். கால் முழத் துணியையும் அரை மணி நேர வேலையையும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சமூக அறிவியல் ஆசிரியையாக, யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையைப் பற்றி, கைவினைத் திறனும் சடங்கும் வாய்மொழியும்கூட மரபுச் செல்வம்தான் என்று அது ஏற்றுக்கொண்டதைப் பற்றி, 2005இல் இந்தியா அதில் சேர்ந்ததைப் பற்றி எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தச் செல்வம் இதோ என் அப்பாவின் தொடைச் சந்தில் நாற்பது வருடமாக இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

அவர் செய்த வேலையை விவரமாகச் சொல்கிறேன், தைக்கக் கொடுப்பவர்களுக்கு உதவும். சல்லடத்தை முழுவதுமாகப் பிரித்தார். நல்லதாக இருந்த சிவப்புத் துணியை மட்டும் வைத்துக்கொண்டு, இற்ற இடங்களை வெட்டினார். அப்பா கனத்த உடம்பு, மகன் ஒல்லி, அதனால் துணி போதுமானதாக இருந்தது. உள்ளே புதிதாகக் காடாத்துணி கொடுத்தார், அதையும் முதலில் தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்திய பிறகே வெட்டினார். ஊறப்போடாமல் தைத்தால், விழா அன்று நனைந்து காய்ந்ததும் உள்துணி சுருங்கி வெளித்துணி சுருக்கம் விழும். வெல்வெட்டை ஓரத்துக்கு மட்டும் வைத்தார். உடை முழுவதும் வெல்வெட்டாக இருந்தால் இன்னும் அழகாக இருக்குமே என்று நான் கேட்டேன். திரி எடுப்பவருக்கு வேண்டுமானால் தைக்கலாம், தண்ணீர் பீய்ச்சுபவருக்கு ஆகாது, நனைந்தால் பிள்ளை சுமக்க வேண்டியிருக்கும் என்றார். இடுப்பில் ரப்பர் வைக்கவில்லை, நாடாதான். தோல்பையின் வார் இறங்கி அழுத்தும் இடத்தில், வலது தோளில், சட்டைக்குள் இரண்டு மடிப்புத் துணி வைத்துக் குறுக்குத் தையல் போட்டார். பழைய சட்டையில் இது இடது தோளில் இருந்தது. பூச்சி அரித்ததும் அந்தத் தடித்த இடத்தைத்தான். "உங்கள் அப்பா இடக்கையரா?" என்று கேட்டார். ஆமாம், என் அப்பா இடது கையால்தான் எழுதுவார், சாப்பிடுவார். அவரைப் பார்த்தே இராத ஒருவர் ஒரு தையலைப் பார்த்து அதைச் சொன்னபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். மருமகள் எழுந்து தண்ணீர் கொடுத்தார்.

கண்ணாடி வில்லைகளில் பதினொன்று உதிர்ந்திருந்தன. இப்போது கிடைப்பது பிளாஸ்டிக் வில்லை, எடை குறைவு, வெயிலில் மின்னாது. அவரிடம் பழைய கண்ணாடி வில்லை ஒரு டப்பாவில் கொஞ்சம் மீதம் இருந்தது. அதிலிருந்து எடுத்து வைத்தார், தனிக் காசு கேட்கவில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். பங்குனி இருபதாம் தேதி தருவதாகச் சொன்னார், ஒரு வாரம் தாமதம். இரண்டு முறை வீணாகப் போய்த் திரும்பினேன். புது ஜரிகையின் மஞ்சள் சற்று அதிகப் பளபளப்பு, பழையதன் பக்கத்தில் ஒட்டாமல் தெரிகிறது. உருமால் முதலில் இறுக்கமாகிவிட்டது, அங்கேயே பிரித்துச் சரிசெய்தார். ரசீது என்று எதுவும் இல்லை. ஒரு தாளில் அளவையும் முன்பணத்தையும் எழுதிக் குண்டூசியால் துணியில் குத்தி வைத்தார். எனக்கு இவை பெரிதாகப் படவில்லை. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அந்த ஒரு வாரம் கஷ்டம்தான்.

கூலி 1,850 ரூபாய். சல்லடம், மேல்சட்டை, கச்சை, உருமால் நான்குக்கும் சேர்த்து. நான் பேரம் பேசவில்லை. பேசியிருக்கவும் கூடாது. மூன்று நாள் முழு வேலை அது, அதோடு மருமகளின் ராத்திரிகளும். சென்ற ஆண்டு 950 கொடுத்து ஒரே நாளில் கிழித்துப் போட்டதை இதோடு வைத்துப் பாருங்கள்.

காத்திருந்த நேரத்தில் அவருடைய வருடக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாசியிலிருந்து சித்திரை வரை அழகர் வேலை, மூச்சுவிட நேரம் இருக்காது. வைகாசியில் ஊர்ப்பக்கத்துத் திருவிழாக்கள். ஆடியில் அம்மன் கோயில்கள், பாவாடையும் வஸ்திரமும். புரட்டாசி நவராத்திரிக்கு அலங்காரத் துணி. கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள். தையில் தைப்பூசக் காவடி, கூடவே பள்ளி ஆண்டுவிழா நாடக உடைகள். ஐப்பசி மழையில் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பார். அவருடைய நாட்காட்டியும் கோயில்களின் நாட்காட்டியும் ஒன்றுதான். ஒரு விழா குறைந்தால் அவர் வீட்டில் ஒரு மாத அரிசி குறையும்.

மண்டபத்தில் இருந்தபோது ஆளைத் தேடிப் போகவேண்டியதில்லை என்றார். கிழக்குக் கோபுர வாசலில் சாமி கும்பிட்டு வெளியே வரும் கிராமத்துச் சனம் எதிரே இருக்கிற மண்டபத்துக்குள் நிழலுக்காக நுழையும், நுழைந்தால் ஏதாவது வாங்கும். பூசாரி ஒருவர் அம்மனுக்குப் பாவாடை வாங்க வந்து, பக்கத்துத் தூணில் உருமாலைப் பார்த்துக் கருப்பசாமிக்கும் ஒன்று சொல்லிவிட்டுப் போவார். இப்போது தேடி வருபவர்கள் மட்டுமே வருகிறார்கள். மாடிக்கு நிழல் தேடி யார் வருவார்? இதை அவர் புகாராகச் சொல்லவில்லை, வெயில் அதிகம் என்பது போலச் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மண்டபத்தைச் சுற்றியுள்ள வீதியில், தரைத்தளத்தில், இந்தக் கைவேலைக்காரர்களுக்கு என்று விழாக் காலத்திலாவது ஒரு வரிசை நிழற்கூரை ஒதுக்க முடியாதா? தீக்கும் பயமில்லை, கல்லுக்கும் கேடில்லை. பக்தர்கள் நடக்கும் வழியில் அவர்கள் கண்ணில் பட்டால் போதும்.

மகன்கள் இருவரும் இந்த வேலைக்கு வரவில்லை. ஒருவர் கைப்பேசி பழுதுபார்க்கிறார், இன்னொருவர் வளைகுடாவில். மருமகளுக்கு வெட்டத் தெரியுமா என்று கேட்டேன். சமிக்கியும் கைத்தையலும் தெரியும், சல்லடம் வெட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றார் பெரியவர். மருமகள் தலையைத் தூக்காமலே, இந்த வருடம் மூன்று வெட்டியிருக்கிறேன் என்றார். குரலில் பெருமை இருந்தது.

விழா அன்று உடை எப்படி இருந்தது என்று சொல்லாவிட்டால் இது பாதி மதிப்பீடுதான். அதிகாலை மூன்று மணிக்குத் தல்லாகுளத்தில் நின்றோம். அழகர் ஆற்றில் இறங்கிய பிறகு ராமராயர் மண்டபத்தை நோக்கி வரும் கூட்டத்தில் என் மகன் ஆடிக்கொண்டே நடந்தான். தோல்பையைப் புதிதாக வாங்கினோம். பதப்படுத்திய ஆட்டுத்தோல், வாயில் மெல்லிய குழாய், அமுக்கினால் ஒரு நூல் போலத் தண்ணீர் பாயும். மோட்டார் வைத்து அழுத்தத்தோடு பீய்ச்சக் கூடாது, பழைய முறைத் தோல்பைதான் என்று நீதிமன்றம் வரை போய்க் கட்டுப்பாடு வந்ததில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. பம்புத் தண்ணீர் சாமியின் மேனிக்கும் ஆகாது, பட்டர்களுக்கும் ஆகாது. கையால் அமுக்குகிற தண்ணீரில்தான் நேர்த்தி இருக்கிறது.

எட்டு மணி நேரம் உடுத்தியிருந்தான். குந்தினான், குதித்தான், இரண்டு முறை வழுக்கி விழுந்தான். ஒரு தையல் விடவில்லை. சாயம் இறங்கவில்லை. தோளில் வார் பதிந்த தடம் இல்லை. மதியம் நனைந்த உடையோடு மரத்தடியில் உட்கார வைத்தபோது, அரை மணியில் காய்ந்துவிட்டது. வேர்க்குரு ஒன்றுகூட இல்லை. கண்ணாடி வில்லைகளைக் கூட்டத்தில் எண்ணுவது கஷ்டம், வீட்டுக்கு வந்து எண்ணினேன். எல்லாம் இருந்தன.

தைக்கக் கொடுக்க விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மாசி பிறந்ததும் போய்விடுங்கள், பங்குனி பாதிக்கு மேல் புது வேலை எடுக்க மாட்டார். வேடம் போடுபவரை நேரில் அழைத்துப் போங்கள். குந்த வைத்துத்தான் அளவு எடுக்கிறார், எழுதிக் கொண்டுபோகும் அளவு பயன்படாது. எந்தத் தோளில் பை மாட்டுவார்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம், கடை இருக்காது. பெயரையும் எண்ணையும் நான் எழுதாததற்குக் காரணம் அவரே. இரண்டே இயந்திரம்தான், கூட்டம் வந்தால் வேலை கெட்டுவிடும் என்றார். ராயகோபுரத்தின் பக்கம் போய்க் கேளுங்கள், சொல்வார்கள். அவரிடம் இடம் இல்லாவிட்டால் குன்னத்தூர் சத்திரத்தில் ஏறி இறங்குங்கள், மண்டபத்தில் இருந்தவர்கள் பலர் அங்கே தைக்கிறார்கள். உடையை வாங்கும் முன் உள்பக்கம் திருப்பி அந்தச் சதுரத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

சித்திரை முடிந்த பத்தாம் நாள் இனிப்பு வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அம்மாவும் ஏறியே தீருவேன் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார், வழியில் மூன்று முறை உட்கார்ந்து. அப்பாவின் உடையிலிருந்து வெட்டி மிஞ்சிய துணிகளைப் பெரியவர் எறியாமல் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். அம்மாவிடம் கொடுத்தார். பழைய சதுரத் துண்டை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா, மருமகளுக்கு மாதிரி காட்ட வேண்டும் என்று கேட்டார். அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டு, மருமகளின் கையில் கொடுத்தார். அடுத்த ஆண்டுக்கு நீளத்தை மூன்று அங்குலம் இறக்க மடிப்பு விட்டிருக்கிறேன், மாசியில் வாருங்கள் என்றார் பெரியவர்.